சனி ஞாயிறு அம்மா

பினாங்கில் ஞாயிற்றுக்கிழமை மாலைப் பேருந்துகளில் குட்டித் தலையணைகள் பயணம் போகும். நான் இங்கே வந்த புதிதில் கண்ட முதல் விநோதம் அதுதான். ஆயர் ஈத்தாம் போகிற பேருந்தில் இளம் தம்பதிகள் ஏறுவார்கள். கணவனின் தோளில் ஒரு பிள்ளை தூங்கிக்கொண்டிருக்கும். மனைவியின் கையில் ஒரு துணிப்பையும், உறை மங்கிப்போன ஒரு சின்னத் தலையணையும் இருக்கும். துவைக்கவே விடாமல் பிள்ளைகள் கட்டிப்பிடித்துத் தூங்கும் அந்தத் தலையணைக்கு இங்கே 'பந்தால் பூசோ' என்று பெயர். நாற்றத் தலையணை என்று பொருள். சிறிது நேரம் கழித்துத் திரும்பி வரும் பேருந்தில் அதே தம்பதிகள் வெறுங்கையோடு உட்கார்ந்திருப்பார்கள். ஒருவரோடு ஒருவர் பேசமாட்டார்கள். எனக்கு அது பெரிய புதிராக இருந்தது. சுங்கை பினாங்கில் எங்கள் அடுக்குமாடி வீட்டுக்குப் பக்கத்தில் இருந்த லெட்சுமி அக்காவிடம் ஒரு நாள் கேட்டேன்.

"அக்கா, ஆயர் ஈத்தாமிலை பெரிய ஆசுப்பத்திரி இருக்கோ? ஏன் இவ்வளவு பிள்ளையளை அங்கை கொண்டுபோயினம்?"

என் யாழ்ப்பாணத் தமிழ் அவருக்குப் பிடிபடவே கொஞ்ச நேரம் ஆனது. பிறகு சிரித்து, இங்கே எல்லோரும் பேச்சோடு ஒட்டும் 'லா'வைச் சேர்த்துச் சொன்னார். "ஆஸ்பத்திரி இல்ல லா. பேபி சிட்டர் வீட்டுக்குப் போறாங்க. அம்மா அப்பா ரெண்டு பேரும் வேலைக்குப் போறாங்க இல்ல? திங்கள்லேர்ந்து வெள்ளி வரைக்கும் பிள்ள அங்கதான் தூங்கும். வெள்ளிக்கிழமை போய் தூக்கிட்டு வந்துருவாங்க."

"அஞ்சு நாளும் தாயைக் காணாமலோ?"

"பழகிரும்" என்றார். பிள்ளைக்கா, தாய்க்கா என்று நான் கேட்கவில்லை. எனக்கு அப்போது பிள்ளை இல்லை. இப்படி ஒன்றை எந்தப் பெண்ணாவது செய்வாளா என்று நினைத்தபடி வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

எனக்கு அந்த வயதில் எல்லாவற்றுக்கும் ஒரு திட்டம் இருந்தது. எழுபதுகளின் கடைசியில் யாழ்ப்பாணத்தில் இரசாயனத்தில் பட்டம் முடித்துவிட்டு, ஒரு பெண்கள் பள்ளியில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். பினாங்கிலிருந்து தவராஜா தன் மாமாவோடு பெண் பார்க்க வந்தார். அவருடைய பாட்டனார் வெள்ளைக்காரர் காலத்தில் இரயில்வே எழுத்தராக மலாயா போனவர். இவர் அங்கேயே பிறந்து வளர்ந்து ஒரு கப்பல் அலுவலகத்தில் வேலை பார்த்தார். எங்களை முன் அறையில் கதவைத் திறந்துவைத்துப் பேசவிட்டார்கள். மற்றப் பெண்கள் என்ன கேட்டிருப்பார்களோ தெரியாது. நான் ஒன்றுதான் கேட்டேன். "கலியாணத்துக்குப் பிறகும் நான் வேலை செய்வன். உங்களுக்குச் சம்மதமோ?" அவர் தயங்கவே இல்லை. "தாராளமா செய்ங்க. ரெண்டு பேரும் வேலை, ரெண்டு பேரும் வீடு. நான் நல்லா சமைப்பேன்" என்றார். சமைப்பேன் என்று சொன்ன ஆண்பிள்ளையை நான் அதுவரை பார்த்ததில்லை. மிச்ச நேரம் முழுக்க நாங்கள் காதல் பேசவில்லை, வேலை நேரம் பேசினோம். யார் காலையில் பிள்ளையைக் குளிப்பாட்டுவது, யார் மாலையில் படிப்பிப்பது என்று இன்னும் பிறக்காத பிள்ளைக்கு நேரம் பிரித்தோம். வெளியே என் அக்கா காதைத் தீட்டிக்கொண்டு நின்றிருக்கிறாள். "உங்கட கதையைக் கேட்டால் கந்தோர் திறக்கிற ஆக்கள் மாதிரிக் கிடக்கு" என்று, எங்கள் பேச்சை அலுவலகக் கூட்டமாக்கி அன்றைக்கு என்னைக் கேலி செய்தாள். முதல் பிள்ளை பிறக்கும்போது தானே வந்து ஒரு வருடம் நின்று பார்த்துக்கொள்வதாகவும் சொன்னாள். அதையும் திட்டத்தில் சேர்த்துக்கொண்டோம்.

கல்யாணமாகிப் பினாங்கு வந்த பிறகு என் பட்டத்தை வைத்துக்கொண்டு இங்கே பள்ளியில் படிப்பிக்க முடியாது என்று தெரிந்தது. மலாய் தெரியாது, குடியுரிமையும் இல்லை. ஆனால் அந்த நாட்களில் மின்னணுத் தொழிற்சாலைகள் பெண்களைத் தேடித் தேடி எடுத்துக்கொண்டிருந்தன. ஒரு தொழிற்சாலையின் பரிசோதனைக்கூடத்தில் எனக்கு வேலை கிடைத்தது. உலோகத் தகடுகளை அமிலக் கரைசல்களில் சோதித்துப் பார்க்கும் வேலை. வெள்ளைக் கோட்டைப் போட்டுக்கொண்டு முதல்நாள் அங்கே நின்றபோது எனக்குக் கிடைத்த நிமிர்வை எழுத்தில் சொல்லத் தெரியவில்லை. தவராஜாவும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். மாலையில் நான் களைத்து வந்தால் மீன்குழம்பு அடுப்பில் இருக்கும். தேங்காய்ப்பால் அதிகம், உப்புக் குறைவு. ஆனாலும் ஒரு ஆண் வைத்த குழம்பு. எங்கள் திட்டம் ஒரு வருடத்துக்கு மேல் அப்படியே நடந்தது. நடக்காமல் போயிருந்தால் நான் அப்போதே விழித்திருப்பேன். நடந்ததால் முழுதாக நம்பினேன்.

சுகன்யா பிறந்தபோது அக்கா வரவில்லை. கடவுச்சீட்டு எடுப்பதற்குள் ஊரில் நிலைமை மாறிக்கொண்டே போனது. இன்று போகலாம், நாளை போகலாம் என்று இருந்தவள், பிறகு ஒருபோதும் வரமுடியாதவள் ஆனாள். தவராஜாவின் அம்மா எங்கள் கல்யாணத்துக்கு முன்பே காலமாகியிருந்தார். பேறுகால விடுப்பு முடிந்தது. என் பரிசோதனைக்கூடத்தில் வேலை முறைவைத்து வரும்: ஒரு வாரம் காலை, ஒரு வாரம் பிற்பகல், ஒரு வாரம் இரவு. பகலுக்கு மட்டும் பிள்ளை பார்ப்பவர்களிடம் விட்டால் இரவு முறைக்கு என்ன செய்வது? கைக்குழந்தையை இரவில் தனியாக வைத்துக்கொள்ளத் தவராஜாவுக்குத் துணிவில்லை. யோசித்துவிட்டு, "எல்லாரும் செய்றதுதான் லா. கொஞ்ச நாளைக்குத்தான்" என்றார். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாலை, கையில் துணிப்பையும் குட்டித் தலையணையுமாக நான் ஆயர் ஈத்தாம் பேருந்தில் ஏறினேன்.

பிள்ளை பார்க்கும் அம்மாவை அந்தச் சந்தைப்புறத்தில் எல்லோரும் ஆ சோ என்றுதான் கூப்பிட்டார்கள். ஹொக்கியன் பேசும் சீனப் பெண்மணி. என்னைவிட இருபது வயதாவது மூத்தவர். மகன்கள் வளர்ந்துவிட்டார்கள். ஆயர் ஈத்தாம் சந்தைக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட சுத்தமான வீடு. அவருக்குத் தமிழும் ஆங்கிலமும் தெரியாது, எனக்கும் தவராஜாவுக்கும் ஹொக்கியன் தெரியாது. ஆ சோவுக்கு அரைகுறை மலாய், எனக்கு அப்போது அதைவிடக் குறைவு. நான் பிள்ளையை நெஞ்சோடு அணைத்தபடி வாசலில் நின்று, பால் எவ்வளவு, எத்தனை முறை, இரவில் எழுந்தால் எப்படித் தட்ட வேண்டும் என்று சைகையில் சொல்லிக்கொண்டே இருந்தேன். உண்மையில் உள்ளே போகாமல் இருக்க நேரம் கடத்திக்கொண்டிருந்தேன். அவர் இரண்டு கைகளையும் நீட்டி, "தாப்பா, தாப்பா" என்றார். தமிழில்தான் கேட்கிறார் என்று நினைத்தேன். இந்தச் சீன அம்மா எனக்காக ஒரு தமிழ்ச் சொல்லைக் கற்றுவைத்துக்கொண்டு "தா அப்பா, பிள்ளையைத் தா" என்கிறார் என்று நினைத்தேன். மனம் இளகிக் கொடுத்துவிட்டேன். திரும்பும் பேருந்தில் தவராஜாவிடம் சொன்னபோது அவர் ஜன்னலைப் பார்த்தபடி, "அது மலாய் லா. பரவாயில்லன்னு அர்த்தம்" என்றார். அதன் பிறகு இருவரும் ஒன்றும் பேசவில்லை. தலையணை இல்லாத கைகளை என்ன செய்வதென்று தெரியாமல் மடியில் வைத்துக்கொண்டேன்.

வெள்ளிக்கிழமை மாலை போய்த் தூக்கி வருவோம். சனிக்கிழமை முழுக்கச் சுகன்யா வீட்டில் ஒவ்வொரு அறையாக எதையோ தேடுவாள். ஞாயிறு காலையில் என் முகத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்ப்பாள். மதியத்துக்கு மேல் என்னைப் பார்த்துச் சிரிக்க ஆரம்பிப்பாள். அப்போது அவளுடைய துணிகளை மடிக்கும் நேரம் வந்துவிடும். ஒவ்வொரு வாரமும் இதே கதை. ஒவ்வொரு வாரமும் புதிதாக அறிமுகமாகி, பழகத் தொடங்கும்போது பிரிந்தோம். அவள் பேசத் தொடங்கியபோது ஆ சோவை 'மா' என்றாள். என்னை 'ஆன்ட்டி' என்றாள். ஆ சோவுக்கு அது பெரிய சங்கடம். என்னைச் சுட்டிக்காட்டி, "மா, மா" என்று பிள்ளைக்குச் சொல்லிக்கொடுப்பார். பிள்ளை என்னைப் பார்த்துவிட்டு, அது தவறு என்று தெரிந்தது போல அவர் தோளிலேயே முகத்தைப் புதைத்துக்கொள்ளும். நல்லவர். மிகவும் நல்லவர். என் பிள்ளையை வெறும் வேலையாக அவர் பார்க்கவில்லை. அவரைக் குறைசொல்ல ஒரு காரணமாவது இருந்திருந்தால் எனக்கு எவ்வளவோ ஆறுதலாக இருந்திருக்கும்.

வீட்டில் மீன்குழம்பு நின்று போயிருந்தது. எப்போது என்று சொல்ல முடியாது. தவராஜாவுக்கு அலுவலகத்தில் பொறுப்பு கூடியது. கப்பல் வருகிற நாட்களில் தாமதம். பிறகு கோயில் சபையில் ஒரு பதவி. நான் இரவு முறை முடிந்து காலையில் வந்து சோறு வடிப்பேன். ஒரு நாள் அடுப்படியில் நின்றபடி கேட்டேன்.

"இஞ்சருங்கோ, ரெண்டு பேரும் வீடு எண்டு நீங்கள்தானே சொன்னனீங்கள்?"

அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் சண்டையாவது போட்டிருக்கலாம். "சொன்னேன். பொய் சொல்லல யோகா" என்றார். "அப்ப அப்படித்தான் இருக்கும்னு நெனச்சேன் லா. நமக்கு அப்ப என்ன தெரியும்?"

ஊரில் இருப்பவர்கள் நினைப்பது போல, இந்த நாட்டில் எங்களை யாரும் ஏமாற்றவில்லை. இந்த நாட்டு மாப்பிள்ளையும் ஏமாற்றவில்லை. இரண்டு நல்ல மனிதர்கள், திறந்த கதவுக்குப் பின்னால் உட்கார்ந்து, தங்களுக்குத் தெரியாத ஒரு வாழ்க்கையை உண்மையான மனதோடு பங்கு போட்டார்கள். அவ்வளவுதான்.

சுகன்யாவுக்கு நான்கு வயதானபோது தொழிற்சாலையின் புதிய பிரிவு, எங்கள் தீவிலிருந்து கடலுக்கு அந்தப்பக்கம் நிலப்பகுதியில், புக்கிட் தெங்காவில் தொடங்கியது. அங்கே பரிசோதனைக்கூடத்துக்குப் பொறுப்பாக என்னைப் போடுவதாகச் சொன்னார்கள். படித்ததற்கு ஏற்ற வேலை, நான் கனவு கண்ட அதே வேலை. அதே வாரம் ஆ சோ வீட்டில் பிள்ளையைத் தூக்கப் போனபோது, சுகன்யா தூக்கத்தில் ஏதோ பேசிக்கொண்டிருந்தாள். முழுவதும் ஹொக்கியன். என் மகள் என்ன கனவு காண்கிறாள் என்று இன்னொருவரிடம் கேட்டால்தான் எனக்குத் தெரியும் என்ற நிலைமை. அன்று பேருந்தில் வரும்போதே முடிவெடுத்துவிட்டேன். புதிய வேலை வேண்டாம் என்றேன், இருந்த வேலையையும் விட்டேன். மேலாளர் திரும்பத் திரும்ப யோசிக்கச் சொன்னார். தவராஜா, "உன் இஷ்டம்" என்றார். லெட்சுமி அக்கா மட்டும், "நல்லா யோசிச்சியா? பழகின பிள்ள" என்று இழுத்தார். பெற்ற பிள்ளைக்குப் பெற்றவளோடு பழகத் தெரியாதா என்று எனக்குச் சினம் வந்தது.

பிள்ளையை வீட்டோடு கொண்டுவந்தேன். முதல் நாள் அவள் வழக்கமான வாரக்கடைசி என்று நினைத்துச் சமாதானமாக இருந்தாள். திங்கட்கிழமையும் நான் துணிகளை மடிக்கவில்லை என்றதும் வாசல் கதவருகே போய் நின்றாள். சோறு பிசைந்து கொண்டுபோனால் வாயை இறுக மூடிக்கொண்டாள். நான் கிட்டப் போகப் போக, ஒரு கையால் என்னைத் தள்ளி, "சூ! சூ!" என்று கத்தினாள். நாயையும் கோழியையும் விரட்டுவது போல என் பிள்ளை என்னை விரட்டுகிறாள் என்று என் நெஞ்சு வெந்தது. "நான் அம்மா, பிள்ளை. சூ எண்டு சொல்லாதை" என்று கெஞ்சினேன். ஒரு முறை பொறுக்க முடியாமல் அடித்தும்விட்டேன். அடித்த பிறகும் விம்மி விம்மி அதையேதான் சொன்னாள். சில நாட்களில் காய்ச்சல் வந்தது. மருந்தும் உள்ளே போகவில்லை. வேறு வழியில்லாமல் ஒரு துண்டில் சுற்றி ஆயர் ஈத்தாமுக்குத் தூக்கிக்கொண்டு போனேன். ஆ சோ வாசலுக்கு ஓடிவந்தார். பிள்ளை அவர் மேல் தாவி விழுந்து, அதே "சூ" என்ற சொல்லைச் சொன்னாள், இப்போது மெதுவாக, நிம்மதியாக. விரட்டுகிற குரல் அல்ல அது. நான் ஆ சோவிடம் அரைகுறை மலாயில் அதற்கு என்ன அர்த்தம் என்று கேட்டேன். அவர் என் முகத்தைப் பார்க்காமல், தன் வீட்டின் கூரையையும் சுவரையும் கையால் சுட்டி, "ரூமா" என்றார். வீடு. அவ்வளவு நாளும் பிள்ளை என்னை விரட்டவில்லை. வீட்டுக்குப் போகவேண்டும் என்று என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்திருக்கிறாள்.

ஆ சோ கொடுத்த கஞ்சியை அவள் மடமடவென்று குடித்தாள். அதைப் பார்த்தபடி அந்த வீட்டு நாற்காலியில் நான் உட்கார்ந்திருந்தேன். என் வாழ்க்கையில் அதைவிட நீளமான பிற்பகல் இருந்ததில்லை. சுகன்யா பழையபடி அங்கேயே இருந்தாள். முதலில் காய்ச்சல் தீரும்வரை என்றோம். பிறகு மழைக்காலம் முடியட்டும் என்றோம். வேலையை விட்டுவிட்டு நான் வெறும் வீட்டில் இருந்தேன். பிள்ளை ஆயர் ஈத்தாமில் வளர்ந்தாள். அந்த அமைதியைத் தாங்க முடியாமல் பழைய வேலையைக் கேட்டுப் போனேன். என் இடத்தில் வேறு ஒரு பெண் வெள்ளைக் கோட்டோடு நின்றிருந்தாள். புக்கிட் தெங்காவில் பொட்டலம் கட்டும் பிரிவில் ஆள் தேவை என்றார்கள். போனேன். தொழிற்சாலைப் பேருந்து கடல் மேல் போட்ட புதிய பாலத்தைக் கடந்து உள்ளே போகும்போது, கண்ணாடி வழியாக நான் பொறுப்பேற்றிருக்க வேண்டிய கட்டடம் தெரியும். பல வருடங்கள் அதற்குப் பின்வாசல் வழியாகப் போய் வந்தேன். பள்ளி தொடங்கியதும் சுகன்யா எங்கள் வீட்டுக்கு வந்தாள். பள்ளி முடிந்ததும் ஆ சோ வீட்டுக்குத்தான் போவாள். தமிழ் கற்றுக்கொண்டாள், என்னை 'அம்மா' என்றும் கூப்பிட்டாள். பாடசாலையில் ஆசிரியையைக் கூப்பிடுவது போன்ற மரியாதை அதில் இருந்தது. தவராஜாவும் நானும் அதிகம் சண்டை போட்டதில்லை. சண்டைக்கும் ஒருவரிடம் ஒருவர் ஏதாவது எதிர்பார்க்க வேண்டுமே.

இரண்டாயிரம் பிறந்து சில வருடங்கள் கழித்து ஒரு விடுமுறை நாள். சுகன்யா படிப்பை முடித்து வேலைக்கு விண்ணப்பம் போட்டுக்கொண்டிருந்தாள். அவளுடைய சிநேகிதி பிரேமா வந்திருந்தாள், கல்யாணம் நிச்சயமான பெண். இருவரும் சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்து எதிர்காலம் பேசினார்கள். நான் குசினியில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"அவரு ரொம்ப ஓப்பன் லா" என்றாள் பிரேமா. "நான் வேலைய விடவேணாம்னு சொல்லிட்டாரு. வீட்டு வேலை பாதி பாதி. பிள்ள பொறந்தா ராத்திரி அவருதான் எழுந்திரிப்பாராம்."

அந்தக் குரலை எனக்குத் தெரியும். யாழ்ப்பாணத்து முன் அறையில் அதே குரலில்தான் நான் பேசியிருந்தேன். ஓடிப்போய் அவள் கையைப் பிடித்து ஏதாவது சொல்லவேண்டும் போல இருந்தது. என்ன சொல்வது? வேலையை விடாதே என்றா? விட்டுவிடு என்றா? இரண்டையும் நான் செய்து பார்த்திருக்கிறேன். அதற்குள் பிரேமாவே குசினிப் பக்கம் திரும்பினாள்.

"ஆன்ட்டி, நீங்க ஷிஃப்ட் வேலையில இருந்துகிட்டே எப்படி சமாளிச்சீங்க?"

நான் வாயைத் திறப்பதற்குள் சுகன்யா பதில் சொன்னாள். "அம்மா எங்க சமாளிச்சாங்க? ஆ சோதான் பாத்துக்கிட்டாங்க." குத்திக்காட்டும் தொனி அதில் துளியும் இல்லை. மழை பெய்தது என்று சொல்வது போலச் சொன்னாள்.

"உனக்கு அப்ப கவலையே இல்ல" என்று பிரேமா சிரித்தாள்.

"இல்லவே இல்ல. எனக்குப் பிள்ள பொறந்தா ஆ சோகிட்ட குடுத்துருவேன்."

நான் வேலையிலிருந்து ஓய்வு பெற்று வீட்டில்தான் இருக்கிறேன். கை கால் நன்றாக இருக்கிறது. என் மகள் போட்ட திட்டத்தில் நான் எந்த இடத்திலும் இல்லை. வெங்காயத்தைச் சாட்டாக வைத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு, அவர்களுக்குத் தேநீர் ஊற்றினேன்.

அடுத்த ஆண்டு ஆ சோ காலமானார். நெஞ்சுவலி, ஒரே நாளில் முடிந்துவிட்டது. செய்தி வந்ததும் சுகன்யா எங்களிடம் ஒரு வார்த்தையும் சொல்லாமல் கிளம்பிப் போய்விட்டாள். நானும் தவராஜாவும் மறுநாள் காலையில் போனோம். வீட்டுக்கு முன்னால் தெருவை அடைத்துப் பந்தல் போட்டு, வட்ட மேசைகள் வைத்திருந்தார்கள். வாசலில் ஒருவர் விருந்தாளிகள் எல்லோருக்கும் கொடுப்பது போல எங்களுக்கும் ஒரு மிட்டாயும் ஒரு துண்டுச் சிவப்பு நூலும் கொடுத்தார். சாவு வீட்டுக்கு வந்த வெளியாட்களுக்குத் தீங்கு தொடராமல் இருக்கக் கொடுப்பது அது. தவராஜா விரலில் சுற்றிக்கொண்டார். நான் உள்ளங்கையில் வைத்துக்கொண்டேன்.

பெட்டிக்குப் பக்கத்தில் மகன்களும் மருமகள்களும் கறுப்புடையில், சட்டைக் கையில் சாக்குத் துணித் துண்டு குத்தியபடி வரிசையாக நின்றார்கள். அந்த வரிசையில் இரண்டாவது மகனுக்கு அடுத்து, அதே கறுப்புடையில், அதே துணித்துண்டோடு சுகன்யா நின்றாள். அழுது அழுது முகம் வீங்கியிருந்தது. ஊரில் அக்கா செத்த செய்தி எனக்கு மாதங்கள் கழித்து வந்தபோது, கட்டிப்பிடித்து அழ இந்த ஊரில் ஒருவரும் இல்லாமல் குளியலறைக் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். என் மகளுக்காவது சேர்ந்து அழ ஒரு குடும்பம் இருக்கிறதே என்று எனக்கு நானே சொல்லிப் பார்த்தேன். யாரோ ஊதுபத்தியைக் கையில் கொடுத்தார்கள். படத்தின் முன்னால் நின்று மூன்று முறை கும்பிட்டேன். வந்தவர் மரியாதை செய்ததும் சாவு வீட்டுக்காரர்கள் எதிர்மரியாதை செய்வது அவர்களுடைய வழக்கம். வரிசை முழுவதும் என் பக்கம் திரும்பியது. மகன்கள் குனிந்தார்கள், மருமகள்கள் குனிந்தார்கள். அவர்களோடு சேர்ந்து, இரு கைகளையும் ஒடுக்கிக்கொண்டு, என் மகளும் எனக்கு முன்னால் இடுப்பு வரை குனிந்து, தன் தாயின் சாவுக்கு நான் வந்ததற்கு நன்றி சொன்னாள்.